கல்லில் கோடு இருந்தால் அது படிவுப் பாறைதானா?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இப்படி: ஆற்றோரத்தில் உள்ளங்கை அளவில் ஒரு கல் கிடைத்திருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் ஓடுகின்றன, வெயிலில் திருப்பினால் அங்கங்கே மினுக்குகிறது. தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று பள்ளியில் படித்த மூன்றில் இது எது? கோடுகோடாக இருப்பதால் படிவுப் பாறைதான் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டாராம். கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: பாறைச் சுழற்சியில் எது வேண்டுமானாலும் எதுவாகவும் மாறும் என்றால், மூன்று வகையாகப் பிரிப்பதற்கு என்ன அர்த்தம்?

பார்க்க இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அது எப்படி உண்டானது என்று சொல்ல முடியுமா, எந்த அளவுக்கு முடியும்? நான் பாறையியல் படித்துவிட்டு, நிலத்தைத் துளைத்து எடுக்கும் உருளைக் கற்களை மீட்டர் மீட்டராகப் பார்த்துப் பெயர் எழுதும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். தப்பாகப் பெயர் எழுதி மாட்டிக்கொண்டதும் உண்டு, அதையும் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. இந்த மூன்று வகையும் கல்லின் நிறத்தையோ, கடினத்தையோ, எடையையோ வைத்துப் பிரித்தவை இல்லை. கல் எப்படி உண்டானது என்பதை வைத்துப் பிரித்தவை. அதனால்தான் ஒரே பொருளால் ஆன இரண்டு கற்கள் வேறு வேறு வகையில் போய் விழுகின்றன. சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் பெரும்பாலும் ஒரே கால்சைட் கனிமம்தான். ஆனால் ஒன்று படிவு, மற்றது உருமாறியது. வீட்டுக்குள் யாராவது வந்து "இந்தக் கறுப்புக் கல் எந்த வகை?" என்று கேட்டால், நிறத்தைப் பார்த்து எந்தப் பாறையியலாளரும் பதில் சொல்லமாட்டார். நம் மொழியில் 'கருங்கல்' என்ற சொல்லே கிரானைட், நைஸ், சார்னோகைட், டோலரைட் என்று பிறப்பில் சம்பந்தமே இல்லாத நாலைந்து கற்களைச் சேர்த்துக் குறிக்கிறது. கட்டடம் கட்டுபவருக்கு அது போதும், பிறப்பைத் தேடுபவருக்குப் போதாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? துகள்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை. உருகிய பாறைக்குழம்பிலிருந்து இறுகிய பாறையில் படிகங்கள் ஒன்றன் இடுக்கில் ஒன்று வளர்ந்து, இடைவெளி இல்லாமல் பின்னிக் கிடக்கும். படிந்து உண்டான பாறையில் துகள்கள் தனித்தனியாக இருக்கும், அவற்றுக்கு நடுவே ஒட்டுப்பொருள் இருக்கும். அழுத்தத்தில் உருமாறிய பாறையில் படிகங்கள் பின்னியும் இருக்கும், பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்தும் இருக்கும். விதிவிலக்குகள் ஏராளம். ஆனாலும் பத்து மடங்கு பெருக்கும் ஒரு சின்ன லென்ஸும் இந்த ஒரு கேள்வியும் கையில் இருந்தால், பாதிக் கற்களுக்கு மேல் பெயர் சொல்லிவிடலாம்.

இனி ஒவ்வொன்றாக. தீப்பாறையைப் பற்றிப் பேசும்போது முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். பூமியின் ஓட்டுக்குக் கீழே குழம்புக் கடல் ஒன்று கொதித்துக்கொண்டிருக்கிறது, ஓட்டை விழுந்த இடத்தில் அது எரிமலையாக வருகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். கிடையாது. நிலநடுக்க அலைகள் சொல்வது வேறு. ஓட்டுக்குக் கீழே உள்ள மூடகம் ஏறத்தாழ முழுவதும் திடப்பொருள். உண்மையிலேயே திரவமாக இருப்பது 2,900 கி.மீ. ஆழத்துக்கும் கீழே உள்ள வெளிக் கருவம், அதுவும் உருகிய இரும்பு. பாறைக்குழம்பு அங்கிருந்து வருவதில்லை. திடமான மூடகம் சில இடங்களில் மட்டும், அதுவும் பகுதியாக மட்டும் உருகுகிறது. அதற்கு மூன்று வழிகள். ஆழத்திலிருந்து சூடான பாறை மெல்ல மேலெழும்போது மேலே உள்ள அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் உருகுநிலையும் இறங்கும், அதனால் கூடுதல் சூடு இல்லாமலே உருகத் தொடங்கும். கடலடி மலைத்தொடர்களில் புதிய தரை உண்டாவது இப்படித்தான். இரண்டாவது வழி நீர். ஒரு கடலடித் தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழே செருகும்போது, அதன் கனிமங்களுக்குள் சிக்கியிருக்கும் நீர் பிரிந்து மேலே உள்ள மூடகத்துக்குள் போகிறது. நீர் சேர்ந்தால் பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். பசிபிக்கைச் சுற்றி எரிமலைகள் வளையம் போல நிற்பதற்கு இதுதான் காரணம். மூன்றாவது, எல்லோரும் முதலில் நினைக்கும் வழி, நேரடியாகச் சூடு ஏறுவது. சூடான பசால்ட் குழம்பு கண்ட ஓட்டுக்குள் புகுந்து, அங்குள்ள பாறையைச் சுட்டு உருக்கும்.

குழம்பு உண்டான பிறகு கதையை நடத்துவது குளிரும் வேகம். வெளியே கொட்டிய லாவா விரைவில் குளிரும், படிகம் வளர நேரம் இருக்காது. அதனால் பசால்ட்டில் வெறும் கண்ணுக்குத் துகள் தெரியாது. இன்னும் விரைவாகக் குளிர்ந்தால் படிகமே உண்டாகாமல் கண்ணாடியாகிவிடும், அப்சிடியன் அப்படித்தான். அதே குழம்பு பல கிலோமீட்டர் ஆழத்தில் போர்வை போர்த்தியதுபோல மெல்லக் குளிர்ந்தால் கடலை அளவு, சில சமயம் விரல் அளவு படிகங்கள் வளரும். மேலே குளிர்ந்த பசால்ட்டும் ஆழத்தில் குளிர்ந்த காப்ரோவும் ஒரே சரக்கு, மேலே குளிர்ந்த ரையோலைட்டும் ஆழத்தில் குளிர்ந்த கிரானைட்டும் ஒரே சரக்கு, குளிர்ந்த இடம்தான் வேறு. நுண்ணிய தளத்தில் பெரிய படிகங்கள் மிதப்பதுபோன்ற கற்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ஆழத்தில் கொஞ்ச காலம் மெல்ல வளர்ந்து, பிறகு சட்டென்று மேலே வந்து மீதிக் குழம்பு அவசரமாக இறுகிய கற்கள். இரண்டு கட்டக் கதை ஒரே கல்லில் எழுதியிருக்கும்.

குளிர்வதற்கு எவ்வளவு காலம் என்றால், ஹவாயின் கிலாவியா ஈக்கி எரிமலைப் பள்ளம் ஒரு நல்ல அளவுகோல். 1959-இல் அந்தப் பள்ளத்தில் நூறு மீட்டருக்கும் மேல் ஆழமாக லாவா ஏரி தேங்கியது. விஞ்ஞானிகள் அதன் மேலோட்டைத் துளைத்துத் துளைத்துப் பார்த்தார்கள். உள்ளே முழுவதும் இறுகி முடிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இது திறந்த வானத்தின் கீழே மழை நனைக்கும் இடத்தில். மலைத்தொடரின் அடியில் புதைந்து கிடக்கும் கிரானைட் திரளுக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிப்பதில் வியப்பில்லை.

கிரானைட் குழம்பிலிருந்து வந்தது என்பது இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய சண்டையே நடந்தது. ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் பாடம் நடத்திய வெர்னர், கிரானைட், பசால்ட் உட்பட ஏறத்தாழ எல்லாப் பாறையும் ஆதிக் கடலிலிருந்து படிந்தவை என்றார். அவருடைய மாணவர்கள் ஐரோப்பா முழுவதும் அதையே சொன்னார்கள். எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன் மறுத்தார். கிரானைட் உருகிய நிலையில் புகுந்தது என்றால், பக்கத்துப் பாறையை வெட்டிக்கொண்டு அது ஓடிய தடம் எங்காவது இருக்க வேண்டும் அல்லவா? 1785-இல் ஸ்காட்லாந்தின் க்ளென் டில்ட் பள்ளத்தாக்கில் அதைத்தான் தேடிப் போனார். கறுத்த பழைய பாறைக்குள் சிவந்த கிரானைட் கிளைகிளையாகப் பாய்ந்திருந்தது. அவர் குதித்த குதியைப் பார்த்து, கூட வந்த வழிகாட்டிகள் தங்கமோ வெள்ளியோ கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்களாம். வெட்டுவது வெட்டப்படுவதைவிட இளையது. இந்த எளிய தர்க்கத்தைத்தான் நாங்கள் இன்றும் உருளைக் கல்லின் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு சொல்கிறோம்.

ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால் இன்னும் ஒரு படி மேலே போனார். பாறையை உலையில் போட்டே பார்த்துவிடலாம் என்றார். சின்னஞ்சிறு உலையை வைத்து மலையின் கதையைச் சொல்ல முடியாது என்று ஹட்டனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் மேல் உள்ள மரியாதையால் ஹால் காத்திருந்து, ஹட்டன் 1797-இல் இறந்த பிறகே சோதனை முடிவுகளை வெளியிட்டார். பசால்ட்டை உருக்கி விரைவாகக் குளிரவிட்டால் கண்ணாடி, மெதுவாகக் குளிரவிட்டால் மறுபடியும் கல். உருகியதெல்லாம் கண்ணாடியாகத்தான் ஆகும் என்ற எதிர்த்தரப்பின் முக்கிய வாதம் அதோடு உடைந்தது. பிறகு சுண்ணாம்புத் தூளைத் துப்பாக்கிக் குழலுக்குள் அடைத்து, வாயை இறுக்கிச் சூடாக்கினார். வாயு வெளியேற வழியில்லாததால் அது சுட்ட சுண்ணாம்பாக நீறிப்போகாமல் பளிங்கு போன்ற படிகக் கல்லாக மாறியது. சில குழல்கள் வெடித்ததும் உண்டு. ஒரே மனிதர் தீப்பாறைக்கும் உருமாறிய பாறைக்கும் சோதனைச் சான்று தந்துவிட்டார் என்பதால் எனக்கு அவர் மேல் தனி அபிமானம்.

சரி, படிவுப் பாறைக்கு வருவோம். நிலத்தின் மேற்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கை மூடியிருப்பது இதுதான். ஆனால் ஆழத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓட்டின் கன அளவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மெல்லிய போர்வை. மழை, காற்று, வெப்பம், வேர் எல்லாமாகச் சேர்ந்து மலையை நொறுக்குகின்றன, நீர் இழுத்துப் போகிறது, வேகம் குறையும் இடத்தில் போட்டுவிடுகிறது. கனமானது முதலில், நுண்ணியது கடைசியில். அதனால் துகளின் அளவே நீரோட்டத்தின் வேகத்தைச் சொல்லிவிடும். 2 மி.மீ.க்கு மேல் சரளை, அதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு வரை மணல், அதற்கும் கீழே வண்டல், களி. களிமண் படிய நீர் கிட்டத்தட்ட நின்றிருக்க வேண்டும். பிறகு மேலே மேலே சேரும் படிவுகளின் எடையில் நீர் பிழியப்பட்டு, துகள் இடுக்குகளில் சிலிக்காவோ கால்சைட்டோ இரும்பு ஆக்சைடோ ஊறி ஒட்டிக்கொள்ளும். மணற்கல்லின் சிவப்புக்குப் பெரும்பாலும் அந்த இரும்புதான் காரணம்.

பாறை என்றாலே கோடிக்கணக்கான ஆண்டு என்று நினைக்க வேண்டாம். வெப்பமண்டலக் கரைகளில் கடற்கரை மணல் சில பத்தாண்டுகளிலேயே கால்சியம் கார்பனேட்டால் ஒட்டிக் கல்லாகிவிடுவது உண்டு. அப்படிப்பட்ட கரைப்பாறைக்குள் கண்ணாடிப் புட்டித் துண்டுகளையும், உடைந்த கப்பல்களின் சிதறல்களையும் கண்டெடுத்திருக்கிறார்கள். புதைபடிவம் என்றால் டைனோசர்தான் என்று இருப்பவர்களுக்கு இதை அவசியம் காட்ட வேண்டும்.

எல்லாப் படிவும் நொறுங்கியதன் படிவு இல்லை. சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி உயிர்களின் வேலை: சிப்பி, பவளம், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களின் ஓடுகள். இங்கிலாந்தின் டோவர் கரையில் வெள்ளைச் சுவராக நிற்கும் 'சாக்' என்ற மென்மையான சுண்ணாம்புக்கல் முக்கியமாக நுண்பாசிகளின் ஓட்டுத் தகடுகளால் ஆனது. உப்பும் ஜிப்சமும் நீர் வற்றிப் படிந்தவை. நிலக்கரி புதைந்த தாவரம். இவை எல்லாவற்றையும் 'படிவு' என்ற ஒரே பெயருக்குள் அடைப்பது கொஞ்சம் நெருக்கடிதான், ஆனால் எல்லாவற்றையும் சேர்க்கும் ஒன்று உண்டு: பூமியின் மேற்பரப்பில், சாதாரண வெப்பத்தில் உண்டானவை.

இனி உருமாறிய பாறை. உங்கள் கல்லுக்கு இதுதான் முக்கியம் என்பதால் சற்று நிதானமாகப் போகிறேன். இங்கே மனத்தில் வைக்க வேண்டியது, மாற்றம் முழுவதும் திட நிலையிலேயே நடக்கிறது என்பது. பாறை உருகுவதில்லை. உருகினால் அது தீப்பாறைக் கணக்கில் போய்விடும். சூடும் அழுத்தமும் ஏறும்போது பழைய கனிமங்கள் அந்தச் சூழலுக்குப் பொருந்தாமல் போகின்றன. அவற்றின் அணுக்கள் இடம் மாறி, புதிய சூழலுக்கு ஏற்ற புதிய கனிமங்களாக வளர்கின்றன. இடையில் ஊறும் கொஞ்சம் நீர் இந்த வேலையை விரைவுபடுத்துகிறது. களிப்பாறையை எடுத்துக்கொள்வோம். முதலில் அது சிலேட்டாகும். களியின் நுண்தகடுகள் அழுத்தம் வரும் திசைக்குக் குறுக்காகத் திரும்பிப் படுக்கும், அதனால் கல் தகடு தகடாகப் பிளக்கும். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சிலேட் பிளக்கும் தளம் பழைய படிவு அடுக்கு இல்லை. நல்ல சிலேட் பாறையில் பழைய அடுக்குகள் மங்கிய நிறக் கோடுகளாக ஒரு பக்கம் ஓடும், பிளவு அவற்றை வெட்டிக்கொண்டு வேறு பக்கம் ஓடும். சூடு இன்னும் ஏறினால் அபிரகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்து ஷிஸ்ட் ஆகும். காக்காப்பொன் என்று நாம் சொல்லும் அந்த மினுமினுப்புதான். அதற்கும் மேலே, ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, வெளிர் கனிமங்களும் கருங் கனிமங்களும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நைஸ் ஆகும்.

இந்தப் பட்டை எப்படி உண்டாகிறது என்பதில் உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கனிமங்கள் அழுத்தத்தில் ஒரே பக்கமாகப் படுக்கின்றன என்பது உறுதி. கருமையும் வெளுப்பும் பிரிந்து நிற்பதற்கு ஒரே காரணம் இல்லை. சிலவற்றில் அணுக்கள் உண்மையிலேயே நகர்ந்து பிரிந்திருக்கின்றன. சிலவற்றில் பழைய படிவு அடுக்குகளே சாயல் மாறாமல் தங்கியிருக்கின்றன. இன்னும் சிலவற்றில், கிரானைட்டை வெட்டி ஓடிய கறுப்புக் குழம்புச் சுவர்கள் இழுபட்டு இழுபட்டு மெல்லிய கோடாகத் தேய்ந்திருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட கல்லில் எது நடந்தது என்று பாறை முகம் முழுவதையும் நடந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். உள்ளங்கை அளவுத் துண்டை வைத்துச் சொல்பவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

எவ்வளவு சூடு, எவ்வளவு ஆழம் என்பதைக் கனிமங்களே குறித்து வைத்திருப்பது இந்தத் துறையின் அழகு. 1893-இல் ஜார்ஜ் பாரோ ஸ்காட்லாந்து மலைகளில் நடந்து, சூடு ஏற ஏறக் குறிப்பிட்ட வரிசையில் கனிமங்கள் தோன்றுவதைக் காட்டினார். கார்னெட் ஒரு எல்லையில் தொடங்கும், கயனைட் ஒன்றில், சிலிமனைட் இன்னும் சூடான இடத்தில். கயனைட், சிலிமனைட், ஆண்டலூசைட் மூன்றும் ஒரே வேதிப்பொருள், அணு அடுக்கு மட்டும் வேறு. ஆண்டலூசைட் குறைந்த அழுத்தத்தைச் சொல்லும், கயனைட் அதிக அழுத்தத்தை, சிலிமனைட் அதிக வெப்பத்தை. மூன்றும் சந்திக்கும் புள்ளி எது என்பதில் ஆய்வகங்களின் எண்கள் பல ஆண்டுகள் ஒத்துப்போகவில்லை. இப்போது ஏறத்தாழ 500 டிகிரி, பதினான்கு பதினைந்து கி.மீ. ஆழம் என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். இன்னொன்று: 1984-இல் மேற்கு ஆல்ப்ஸ் மலையின் பாறையில் கோஎசைட் என்ற, மிகுந்த அழுத்தத்தில் மட்டும் உண்டாகும் சிலிக்காவைக் கிறிஸ்தியன் ஷோபன் கண்டார். கண்ட ஓட்டைச் சேர்ந்த பாறை நூறு கிலோமீட்டரை நெருங்கும் ஆழத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. கண்ட ஓடு கனம் குறைந்தது, அவ்வளவு ஆழத்துக்கு மூழ்காது என்றுதான் அதுவரை பெரும்பாலானவர்கள் நினைத்திருந்தார்கள்.

இப்போது எல்லைத் தகராறுகள். எரிமலைச் சாம்பல் வானத்திலிருந்து விழுந்து அடுக்கடுக்காகப் படிந்து கல்லானால், அது தீப்பாறையா படிவுப் பாறையா? சரக்கு தீ, படிந்த விதம் படிவு. பாடப்புத்தகங்கள் வழக்கமாகத் தீப்பாறைப் பக்கத்தில் வைக்கின்றன, சண்டை போட்டுப் பயனில்லை. படிவு இறுகிக் கல்லாவது எங்கே முடிகிறது, உருமாற்றம் எங்கே தொடங்குகிறது? 200 டிகிரிக்கு அருகே என்று ஒரு கோடு கிழித்திருக்கிறோம், இயற்கை கிழித்தது இல்லை. மேல் எல்லையிலும் அதே சிக்கல். நைஸ் இன்னும் சூடானால் அதன் வெளிர்ப் பகுதி மட்டும் கசிந்து உருகத் தொடங்கும். பாதி உருகி மறுபடி இறுகிய அந்தக் கலப்புக் கல்லுக்கு மிக்மடைட் என்று செடர்ஹோம் 1907-இல் பெயர் வைத்தார். ஒரு கையில் உருமாறிய பாறை, மறு கையில் தீப்பாறை. சார்னோகைட்டின் கதையும் இப்படித்தான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்தப் பாறையால் ஆனது என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதற்கு இந்தப் பெயரை இட்டு, தீப்பாறை என்று விவரித்தார். பிற்காலத்தில், சாதாரண நைஸ் விரிசல்களை ஒட்டித் திட்டுத் திட்டாகச் சார்னோகைட்டாக மாறியிருக்கும் பாறை முகங்கள் தென்னிந்தியாவில் கிடைத்தன. ஆக, சில சார்னோகைட்டுகள் குழம்பிலிருந்து வந்தவை, சில உருமாறியவை. பெயர் ஒன்று, வழி இரண்டு.

இவ்வளவு குழப்பம் என்றால் வகை எதற்கு என்று கேட்டீர்கள். வகை என்பது கல்லின் நிரந்தர அடையாளம் இல்லை, அதற்குக் கடைசியாக நடந்த பெரிய சம்பவத்தின் பெயர். சுழற்சிப் படத்தில் அம்புக்குறிகள் வட்டமாகச் சுற்றுவதால், ஒவ்வொரு கல்லும் வரிசையாகத் தீ, படிவு, உருமாற்றம் என்று போயே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. 300 கோடி ஆண்டுகளாகக் கிரானைட்டாகவே கிடக்கும் கிரானைட்டும் உண்டு. மணற்கல் நொறுங்கி மறுபடி மணற்கல்லாவதும் உண்டு. எனக்குப் பிடித்த உதாரணம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ். அங்கே இருப்பது உருமாறிய கூழாங்கல் பாறை, படிந்து ஏறத்தாழ 300 கோடி ஆண்டு ஆகிறது. அதற்குள் இருக்கும் சிர்கான் என்ற கனிமத்தின் மணிகள் சில 440 கோடி ஆண்டு பழையவை, இதுவரை நமக்குக் கிடைத்த பூமிப் பொருள்களிலேயே மிகப் பழையவை. அந்த மணி குழம்பில் பிறந்து, பிறந்த பாறை அழிந்து, ஆற்றில் உருண்டு, சரளையோடு படிந்து, மறுபடி சூட்டில் வெந்து இங்கே வந்திருக்கிறது. பாறை எவ்வளவு பழையது என்ற கேள்விக்கும், அதற்குள் இருக்கும் மணி எவ்வளவு பழையது என்ற கேள்விக்கும் பதில் வேறு. செய்திகளில் இந்த இரண்டையும் குழப்பாமல் எழுதியதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கையில் உள்ள கல்லைச் சோதிக்கும் முறைகளுக்கு வருவோம். எஃகுக் கத்தியால் கீறிப் பாருங்கள். கால்சைட் எளிதாகக் கீறும், குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கீறாது. நீர்த்த அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் நுரைக்கும், வினிகர்கூட மெதுவாக வேலை செய்யும். மணற்கல்லையும், அது உருமாறி உண்டாகும் குவார்ட்சைட்டையும் பிரிக்க உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மணற்கல் துகள்களைச் சுற்றிக்கொண்டு உடையும், தொட்டால் சொரசொரப்பு. குவார்ட்சைட்டில் மணிகள் ஒன்றோடொன்று இறுகிப்போயிருப்பதால் உடைப்பு மணிகளையே பிளந்துகொண்டு போகும், முகம் வழவழப்பாக இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் புதிதாக உடைத்த முகம் வேண்டும். வெயிலும் மழையும் பட்ட தோல் பொய் சொல்லும்.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. ஒருமுறை நாற்பது மீட்டர் நீள உருளைக் கல்லுக்கு, கறுப்பு, நுண்துகள், கடினம், அமிலத்துக்கு அசையவில்லை என்று பார்த்து, பசால்ட் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதில் ஒரு துண்டை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தபோது, களிப்பாறை பக்கத்துக் கிரானைட்டின் சூட்டில் வெந்து உண்டான ஹார்ன்ஃபெல்ஸ் என்று தெரிந்தது. தீப்பாறை என்று நான் எழுதியது, தீயின் அருகில் இருந்து வெந்த சேறு. நாற்பது மீட்டரையும் அடித்துத் திருத்தினேன். நுண்துகள் கறுப்புக் கல் எதையும் வெறும் கண்ணால் பார்த்து அடித்துச் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

இப்போது உங்கள் கல். நண்பர் சொன்னது தப்பு என்றே நினைக்கிறேன். படிவு அடுக்குகள் பெரும்பாலும் துகள் அளவில் வேறுபடும், ஒன்றில் பெருமணல், அடுத்ததில் நுண்மணல் என்று. உங்கள் வர்ணனையில் வேறுபடுவது கனிமம். கறுப்பு ஒரு வரி, வெள்ளை ஒரு வரி, நடுவே மினுக்கு. கோடுகள் வளைந்தோ, ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தோ போகின்றனவா? மினுக்கும் தகடுகள் கோட்டின் போக்கிலேயே படுத்திருக்கின்றனவா? லென்ஸில் பார்த்தால் துகள்கள் இடைவெளி இல்லாமல் பின்னியிருக்கின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது நைஸ், உருமாறிய பாறை. சில லாவாக்களிலும் குழம்பு ஓடிய கோடுகள் இருக்கும், ஆனால் அவற்றின் துகள்கள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருப்பது அரிது. நைஸாவதற்கு முன் அது கிரானைட்டாக இருந்ததா, மணலும் களியுமாக இருந்ததா என்பதை வர்ணனையை வைத்து என்னால் சொல்ல முடியாது. கார்னெட்டும் சிலிமனைட்டும் தாராளமாக இருந்தால் களிமண் பக்கம் சாய்வேன், அதற்கு மேல் வேண்டுமானால் அதன் சிர்கான் மணிகளை ஆய்வகத்தில்தான் கேட்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓரத்தில் ஒரு சில்லு உடைத்து, அந்தப் புது முகத்தை நனைத்து, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். சிவந்த உருண்டைப் புள்ளிகள் தெரிந்தால், அவை கார்னெட்டாக இருக்கலாம், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.